பத்தொன்பதாம் தேதித் தண்ணீர்

அத்தியாயம் 9

குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளைப் பார்க்க நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் ஜீப் ஓட்டியது எனக்கு அதுதான் முதல் தடவை. ஓடினவனைத் துரத்தியிருக்கிறேன், ஒளிந்தவனைத் தோண்டியிருக்கிறேன். "நான்தான் செய்தேன், வந்து கூட்டிப் போங்கள்" என்று கைப்பட எழுதி அனுப்பியவனிடம் போய் எதைத் துப்பறிவது?

அதைத்தான் துவான் அக்காவிடம் கேட்டேன். துவான் ஜிங், மாவட்டக் காவல் பிரிவின் விசாரணை அதிகாரி. நான் மா யிபுலா. பதிவேட்டில் டிரைவர். மற்றபடி, அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவன்.

"ஏன்கா, வெந்த ஆட்டை மறுபடி அறுக்கவா இவ்வளவு தூரம்?"

"வெந்தது ஆடுதானான்னு பார்க்க."

"மேலதிகாரி கேஸை மூடியாச்சுன்னாரே."

"மூடி சரியா உட்காரல. ரோட்டைப் பாரு."

ரோடு என்று அவர் சொன்னது, நேற்றுப் போன லாரியின் டயர்த் தடத்தை. இரண்டு பக்கமும் வெள்ளைத் தரை. ஒரு செடி கிடையாது. தந்திக் கம்பங்கள் மட்டும் எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தன. இந்தச் சைதாம் பாலைவனப் பக்கம் பிறந்தவன்தான் நான். ஆனாலும் பாகா நூர் ஏரிக்குப் போகும் இந்தப் பாதையில் வண்டி ஓட்டினால் எனக்குக் காரணமில்லாமல் வீட்டு ஞாபகம் வரும்.

விஷயம் இதுதான். பாகா நூர் தண்ணீரில் சல்பேட் உப்பு கரைந்து கிடக்கிறது. மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கிறார்களே, அதே உப்பு. ஏரியிலிருந்து தொழிற்சாலைவரை நாற்பது கிலோமீட்டர் இரும்புக் குழாய். தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறவரை உப்பு கரைந்தே இருக்கும். குளிர்ந்தால், ஆட்டுச்சாறு ஆறும்போது கொழுப்பு உறைகிற மாதிரி கட்டிவிடும். எத்தனை டிகிரியில் கட்டும் என்பதைத் தினமும் கணக்கிட்டு டெலிபோனில் சொல்ல ஏரிக்கரையில் ஓர் ஆள் இருக்கிறார். அவர் சொல்லும் எண்ணுக்குக் கீழே குழாய் குளிர்ந்தால் பம்ப்பை நிறுத்திவிட வேண்டும்.

அக்டோபர் பத்தொன்பதாம் தேதி பம்ப் அறைக்குப் போன தாளில் "ஐந்து" என்று இருந்தது. குழாய் எட்டு டிகிரியில் இருந்தது. பயமில்லை என்று பம்ப்பை ஓட்டினார்கள். குழாய்க்குள் உப்பு கட்டி அடைத்துக்கொண்டது. அழுத்தம் தாங்காமல் ஓர் இணைப்பு தெறித்து, வால்வு பார்க்கிற பை சாங்ஷுன் மார்பில் அடித்தது. இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டான்.

ஏரிக்கரை ஆள் கெங் ஷோலின் ஐந்தாம் நாள் கடிதம் எழுதினார். "அன்று எனக்குக் காய்ச்சல். ஏரிக்குப் போகவில்லை. புத்தகத்து எண்களைப் போட்டுவிட்டேன். குற்றம் என்னுடையது." குறைந்தது ஏழு வருஷம் சிறை என்று மேலதிகாரி சொன்னார். அவரை ஏற்றி வரத்தான் ஜீப். துவான் அக்கா கேட்டு வாங்கியது ஒரே ஒரு பகல்பொழுது.

அளவை நிலையம் என்று பெயர்தான் பெரிது. ஒற்றை அறை, ஒரு புகைபோக்கி, ஒரு கக்கூஸ். நாய்கூட இல்லை. ஜீப் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த கெங்குக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். தோளில் சுருட்டிக் கட்டிய மெத்தை. கையில் எனாமல் குவளை.

"போலாமா?" என்றார்.

"ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம் மாஸ்டர்," என்றார் துவான் அக்கா.

அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். விருந்தாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அறையில் இருந்தது ஒரு ஸ்டூல், ஒரு கிண்ணம். ஸ்டூல் அக்காவுக்குப் போயிற்று. நான் என் சொந்தக் குவளையை நீட்டினேன்.

"நான் முஸ்லிம் மாஸ்டர். வெந்நீர் மட்டும் போதும், தேயிலை என்கிட்டயே இருக்கு."

"ஓ. இங்க பன்றிக்கறி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பானை சுத்தந்தான்." அவர் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேசினார். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவு திறக்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

துவான் அக்கா மேஜையில் நூலால் கட்டி வைத்திருந்த தாள்களைப் புரட்டினார். நாளுக்கு ஒரு தாள். பூஜ்ஜியம், பத்து, இருபது டிகிரிகளில் நூறு கிராம் தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு கரையும் என்று மூன்று எண்கள். பக்கத்தில் பென்சிலால் ஏறுகிற ஒரு கோடு. கீழே அன்றைய முடிவு. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஈரக் கட்டைவிரல் பட்டு, காய்ந்து, வெள்ளையாக உப்புத் தடம்.

"பதினெட்டாம் தேதி. ரெண்டு புள்ளி மூணு, அஞ்சு புள்ளி நாலு, பதினாலு. இருபதாம் தேதியும் கிட்டத்தட்ட அதே," என்று படித்தார். "நடுவுல பத்தொன்பது மட்டும் நாலு புள்ளி ஒன்பது, ஒன்பது புள்ளி ஒண்ணு, பத்தொன்பதரை. ஏரி ஒரு நாளைக்கு மட்டும் மனசு மாறிடுச்சா?"

"அது புத்தகத்து எண். நல்ல தண்ணிக்குப் போட்டது. நம்ம ஏரியில சமையல் உப்பும் கலந்திருக்கு. அது இடத்தை அடைச்சுக்கும், சல்பேட் கம்மியாத்தான் கரையும். சீக்கிரமே கட்டிடும். தெரிஞ்சேதான் தப்பு பண்ணினேன்."

பத்தொன்பதாம் தேதித் தாளை நானும் பார்த்தேன். மற்றதெல்லாம் உப்புத் தடம், இது மட்டும் பளிச்சென்று சுத்தம்.

"பாத்தீங்களாக்கா? ஏரித் தண்ணில கையே வைக்கல. காய்ச்சல்னு சொன்னது நிஜந்தான். மாஸ்டர், உங்களை மாதிரி நாலு குற்றவாளி இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபம்."

துவான் அக்கா சிரிக்கவில்லை. "யிபுலா, உனக்குக் காய்ச்சல். வண்டி எடுக்கல. ஆனா எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு எழுதியே ஆகணும். என்ன எழுதுவ?"

"நேத்து எழுதினதையே எழுதுவேன்." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"சோம்பேறி யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வான். முந்தின நாள் தாள் இவர் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. அதைப் பார்த்து எழுதியிருந்தா யாருக்கும் தெரியாது, ஒருத்தனும் செத்திருக்க மாட்டான். அதை விட்டுட்டுத் தப்புன்னு தெரிஞ்ச புத்தகத்தை ஏன் தேடிப் போகணும்? சரி, அந்தப் புத்தகம் எங்க மாஸ்டர்?"

தேடுவதற்குப் பெரிய வேலை இல்லை. அறையில் மொத்தம் மூன்று புத்தகம். ஒரு பஞ்சாங்கம், ரேடியோ ரிப்பேர் பற்றி ஒன்று, அட்டையும் கடைசிப் பாதியும் இல்லாத ஒரு துப்பறியும் கதைப்புத்தகம்.

"இதுல யாரு கொலைகாரன்னு கடைசிவரை தெரியாதே மாஸ்டர்," என்றேன்.

"நானே நாலு முடிவு எழுதி வெச்சிருக்கேன்," என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உப்புக் கணக்குப் புத்தகம் தேவையில்ல. எனக்கு மனப்பாடம்."

அதற்கு மேல் நாங்கள் நகர முடியவில்லை. அடுப்போரம் மணல் பெட்டியில் சீசாக்கள் வரிசையாக நட்டு வைத்திருந்தன. தினம் எடுக்கிற தண்ணீரில் ஒரு சீசா, வருஷம் முடிகிறவரை பத்திரமாக இருக்க வேண்டுமாம். எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதியின் குழி காலியாக இருந்தது. ஆள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. உள்ளதைச் சொல்கிற ஆளைச் சந்தேகப்பட்டுப் பகலை வீணாக்குகிறோம் என்று எனக்குக் கோபமே வந்தது.

துவான் அக்கா பதினெட்டாம் தேதிச் சீசாவை உருவினார்.

"யிபுலா, வெளிய போய் ஒரு பேசின் நிறையப் பனி அள்ளிட்டு வா."

கொண்டு வந்தேன். அவர் சீசாவைத் திறந்து தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, பனிக்குள் செருகி, பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு, பத்து. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருந்தது. எட்டு. ஆறு. ஐந்து. ஒரு துகள்கூட விழவில்லை.

அவர் தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்தார். "அட, அஞ்சு டிகிரியிலயும் உப்பு கட்டலையே. அப்போ புத்தகம் சொன்னதும் சரி, தாள்ல வந்த எண்ணும் சரி. மாஸ்டர், உங்க மேல தப்பே இல்ல. செத்துப்போன பை சாங்ஷுன்தான் வால்வைத் தப்பாத் திருப்பியிருக்கான். அறிக்கைல அப்படியே எழுதிடறேன். யிபுலா, கிளம்பு."

"இருங்க தோழர்."

கெங்கின் முகம் சிவந்துவிட்டது. இந்த மனிதருக்குக் கோபம் வரும் என்றே நான் நினைக்கவில்லை.

"இது சோதனையா? இப்படியா பண்ணுவாங்க? இந்த உப்பு சும்மா குளிர்ந்தா வெளிய வராது. தெளிவா நின்னு ஏமாத்தும். அதுக்கு ஒரு விதை காட்டணும்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கடுகளவு உப்புத் துகள் ஒன்றைச் இடுக்கியால் பிடித்துச் சீசாவுக்குள் போட்டார். அது விழுந்த இடத்திலிருந்து வெள்ளை ஊசிகள் கிளம்பின. நான் மூச்சு விடுவதற்குள் பாதிச் சீசா வெளுத்துவிட்டது.

"பாத்தீங்களா? விதையைப் போட்டுக்கிட்டே மெதுவா குளிரவிடணும். அது கரையறதை நிறுத்திட்டு வளர ஆரம்பிக்கிற இடந்தான் கணக்கு. குழாய்க்குள்ள எப்பவும் பழைய உப்பு ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், அங்க விதைக்குப் பஞ்சமே இல்ல. அந்தப் பையன் ஒரு தப்பும் பண்ணல. அவன்மேல எழுதாதீங்க. பத்தொன்பதாம் தேதித் தண்ணியும் இப்படித்தான் அஞ்சு வரைக்கும் ஏமாத்துச்சு. மூணு தடவை விதை போட்டுப் பாத்தேன். மூணு தடவையும் பன்னிரண்டுதான்."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இடுக்கியை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"மாஸ்டர்," என்றேன், "அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல்."

"சீசாவைக் கொடுங்க," என்றார் துவான் அக்கா. "நீங்க தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்க. தப்பாப் பண்ணின சோதனையையே உங்களால பாத்துக்கிட்டு இருக்க முடியல. சரியாப் பண்ணினதை எப்படிக் கொட்டுவீங்க?"

கட்டி வைத்த மெத்தையை அவர் அவிழ்த்தார். நடுவில், சட்டைக்குள் சுற்றி, சீசா இருந்தது. லேபிளில் அவர் கையெழுத்து: பத்தொன்பது, பன்னிரண்டு டிகிரி. அதோடு ஒரு தாளும் இருந்தது. ஓரத்தில் உப்புத் தடம் இருந்தது. சிறைக்குப் போகிறவர் அதையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறார்.

"லைன் எப்போ அறுந்துச்சு?" என்று கேட்டார் துவான் அக்கா.

சுவரில் மாட்டியிருந்த கைப்பிடி டெலிபோனை அவர் பார்த்தார். "பதினெட்டாம் தேதி ராத்திரிக் காத்துல. மறுநாள் எண்ணை எடுத்துக்கிட்டு நடந்தேன். கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டே பதினாறு கிலோமீட்டர் போனேன். அதுக்கு மேல மணல்காத்து, கம்பமே தெரியல. திரும்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தா ரோடு வந்திருக்கும்."

"தெரியாதுல்ல மாஸ்டர் உங்களுக்கு."

"இருபத்தொண்ணுல லைன் வந்துச்சு. அவங்க கூப்பிட்டாங்க."

அவங்க என்றால் மியாவ் யூஃபென். தொழிற்சாலை ஆய்வறையில் டெலிபோனில் எண்களைக் கேட்டு எழுதுகிற பெண். எழுதின தாள் உடனே பம்ப் அறைக்குப் போய்விடும், பழைய தாள் எதுவும் அவரிடம் இருக்காது. தாள் காலியாகவும் போகக்கூடாது. பத்தொன்பதாம் தேதி பம்ப் அறை ஆள் வாசலில் நின்று கத்தியிருக்கிறான். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பது மட்டும் அவருக்கு மனதில் இருந்தது. அலமாரியில் இருந்த புத்தகத்தைத் திறந்து, கோட்டைப் பார்த்து, ஐந்து என்று போட்டுவிட்டார். ஏரியை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அழுதாங்க," என்றார் கெங். "என்ன எண் போட்டீங்கன்னு கேட்டேன். சொல்லுங்க, எழுதிக்கறேன்னேன். பதினோரு வருஷமா நான் சொல்லுவேன், அவங்க எழுதுவாங்க. அன்னிக்கு அவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்."

"எதுக்கு மாஸ்டர்? அவங்க உங்களுக்கு யாரு?" கேட்டது நான்தான். கேட்டிருக்க வேண்டாம்.

"யாரும் இல்ல. பாத்ததுகூட இல்ல. கம்பெனி லைன், மூணு நிமிஷம், எண்ணைத் தவிர எதுவும் பேசக்கூடாது. புத்தாண்டு அன்னிக்கு மட்டும் கடைசியில 'சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பாங்க. நான் 'சாப்பிட்டேன்'னு சொல்லுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பதினோரு வருஷத்துல இந்த அறைக்குள்ள என்னைக் கூப்பிட்ட குரல் அது ஒண்ணுதான். தோழர், சீசாவை மறந்துடுங்க. எனக்கு ஜெயில் இதைவிடத் தனியா இருக்காது."

அழக்கூடாது என்று இருந்தேன். மூக்கைச் சிந்துகிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மறக்க முடியாது," என்றார் துவான் அக்கா. "ஏன்னா, இந்தக் குத்தத்தை ஒத்துக்கிட்டவங்க ரெண்டு பேர்."

"புரியல."

"திங்கட்கிழமை காலையில மியாவ் யூஃபென் எங்க ஆபீசுக்கு வந்தாங்க. நடந்தது எல்லாத்தையும் சொன்னாங்க, நான்தான் எழுதினேன்னு. மேலதிகாரி நம்பல. உங்க கடிதம் அவங்க சொன்னதுக்கு எதிரா இருந்துச்சு. யாரையோ காப்பாத்த வந்திருக்காங்கன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அவங்க போகல. மூணு நாளா வாசல் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றாங்கன்னு பாக்கத்தான் வந்தேன்."

இதை என்னிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. மூன்று நாளாக அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் நான் ஜீப் சாவி வாங்கப் போய் வருகிறேன். சாம்பல் நிற மப்ளர் போட்ட பெண். பென்ஷன் விஷயமாக வந்தவர் என்று நினைத்து, "பெஞ்சை இழுத்து வீட்டுக்கே கொண்டு போயிடுங்க அக்கா" என்று கிண்டல்கூடப் பண்ணினேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

"அவங்களுக்கு என்ன ஆகும்?" என்று கெங் கேட்டார்.

"தண்டனை உண்டு. ஆனா லைன் அறுந்தது தெரிஞ்சும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்ட ஃபோர்மேன் இருக்கான், காலித் தாள் அனுப்பாதேன்னு உத்தரவு போட்டவன் இருக்கான். அவங்களை உள்ள இழுக்க உங்க சீசா வேணும். நீங்க பழியை ஏத்துக்கிட்டா அவங்க ரெண்டு பேரும் நல்லாத் தூங்குவாங்க, மியாவ் மட்டும் சாகறவரைக்கும் தூங்க மாட்டாங்க. உங்களை, தாளை மாத்தி எழுதினதுக்குக் கண்டிச்சு விட்டுடுவாங்க."

கெங் சீசாவை இரண்டு கையாலும் எடுத்துத் துவான் அக்காவிடம் கொடுத்தார்.

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. நீங்க பாக்க எப்படி இருப்பீங்கன்னு. பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்."

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. ஐந்து நிமிஷம் கேட்டார். அறையில் கண்ணாடி இல்லை போல. வெளியே வந்து என் ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் குனிந்து, தலையை நனைத்து வாரினார். சுருக்கமில்லாத சட்டை ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருந்தார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். நான் போய்ச் சரி பண்ணிவிட்டேன்.

வண்டியில் ஏறினார். எஞ்சினைக் கிளப்பினேன். கதவைச் சாத்தப் போனவர் அப்படியே நின்றார்.

"தோழர், அவங்ககிட்ட நான் என்ன பேசறது?"

துவான் அக்கா என்னைப் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது. தேடித் தேடிக் கடைசியில், "எப்பவும் பேசறதையே பேசுங்க மாஸ்டர்," என்றேன்.

"எப்பவும் எண்தான் சொல்லுவேன்." அவர் ஏரிப் பக்கம் திரும்பினார். "நீங்க வருவீங்கன்னு இன்னிக்கு நான் தண்ணியே எடுக்கல."

துவான் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலதிகாரி கொடுத்த பகலில் பாதிக்கு மேல் போயிருந்தது.

"போய் எடுத்துட்டு வாங்க," என்றார். "கணக்கும் போட்டு முடிச்சுட்டே வாங்க. நாங்க இருக்கோம்."

கெங் காலிச் சீசாவோடு வெள்ளைத் தரையில் இறங்கி, கிட்டத்தட்ட ஓட்டமாக நடந்தார். நான் எஞ்சினை அணைத்தேன்.